பசிய இலையின் தொழில்

அடுப்பில் ஒரு கட்டு விறகை இட்டு எரிக்கின்றோம். எரிந்து முடிந்தபின் அங்கு எஞ்சுவது ஒரு கைப்பிடிச் சாம்பலே. தலையிற் சுமந்து வருதற்கு அரிதாயிருந்த அவ்விறகு எங்கே போயிற்று? புகையாயும் ஆவியாயும் காற்றிற் கலந்து போயிற்று எனச் சிறுவரும் விடை கூறுவர். அங்ஙனமாயின், அவ்விறகு மரமாய் வளர்ந்த காலத்து எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு, 'மண்ணிலிருந்து வந்தது' என்றே நம்மிற் பலரும் தயங்காது விடையிறுப்போம். போனது காற்றிற்கு, வந்தது மட்டும் மண்ணிலிருந்தோ? இவ்விரண்டு விடைகளும் தம்முட் பொருந்தாமை சிறிது நின்று எண்ணுவார்க்குப் புலனாகும்.

இப்பொருத்தமின்மையைத் தீர்ப்பதற்கு மேனாட்டறிஞர் 300 ஆண்டுகளாக உழைத்தனர். அவ்வுழைப்பின் பயனாய் வெளிப்பட்ட உண்மையே ஒளிச்சேர்க்கை எனப்படுவது. அதனை எம்மால் இயன்ற அளவு தெளிவாக ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். இலக்கியம் பயில்வார்க்கு இலையின் தொழிலோடு யாது இயைபு என வினவுவாரும் உளராகலாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தையும் ஒழுக்கத்தையும் செடிகொடிகளின் பெயராலேயே வகுத்துக்கொண்ட மொழியைப் பயில்கின்றோம் நாம். அம்மொழியைப் பயில்வார் அச்செடிகள் எவ்வாறு உயிர் வாழ்கின்றன என்பதை அறியாதிருத்தலே வியப்பிற்குரியது என்பது எம் விடை.

மண்ணை நிறுத்தவர்

மரத்தின் உடல் மண்ணிலிருந்து வருவதாயின், மரம் வளர வளர மண் குறைதல் வேண்டும். இதனைத் தராசிலிட்டுப் பார்த்தவர் பிரஸ்ஸல்ஸ் நகரத்தவராகிய வான் ஹெல்மாண்ட் என்பார். அவர் நன்கு உலர்த்திய 200 ராத்தல் மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக் கன்று ஒன்றை அதில் நட்டு, நீரையன்றி வேறொன்றும் இடாது 5 ஆண்டு வளர்த்தார். பின்னர் நிறுத்துப் பார்த்தபொழுது மரம் ஏறக்குறைய 169 ராத்தல் இருந்தது. மண்ணிற் குறைந்ததோ 2 அவுன்ஸ் அளவே. இச்சோதனை அவர் மறைந்தபின் 1648-இல் வெளிவந்த நூலில் எழுதப்பெற்றுள்ளது.

மண்ணன்று என்பது தெளிவாயிற்று. ஆயின் ஹெல்மாண்ட், மரம் முழுவதும் நீராலேயே ஆயது என்று முடிவு செய்தார். ஈண்டு நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 62 ராத்தல் கரியை எரித்தால் 1 ராத்தல் சாம்பலே எஞ்சும் எனவும், ஏனைய 61 ராத்தலும் கண்ணிற்குப் புலனாகாத ஒரு பொருளாய் வெளியேறும் எனவும் கண்டறிந்து, அப்பொருட்கு 'காஸ்' என்னும் பெயரை முதன்முதல் இட்டு வழங்கியவரும் அவரே. நாம் இன்று கரியமிலவாயு என்பது அதனையே. தாம் பெயரிட்ட அவ்வாயுவே தம் தொட்டியிலிருந்த மரத்திற்கு உணவாயிற்று என்பதை அவர் இறுதிவரை எண்ணிலர். விடை கையில் இருந்தது. வினாவோடு அதனைச் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் அவர்க்கு வாய்க்கவில்லை.

புதினாவும் மெழுகுவர்த்தியும்

அடுத்துக் காற்றை ஆராய்ந்தவர் இங்கிலாந்தில் சபைப் போதகராயிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி. மூடிய கண்ணாடிக் கலத்துள் எரியும் மெழுகுவர்த்தி சிறிது பொழுதில் அவிந்துபோம். அக்காற்றில் மீண்டும் வர்த்தி எரியாது. எலியும் உயிர் வாழாது. 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், இங்ஙனம் கெட்டுப்போன காற்றினுள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார் பிரீஸ்ட்லி. 27-ஆம் நாள் அதே காற்றில் வர்த்தி நன்கு எரிந்தது! விலங்கும் நெருப்பும் கெடுத்த காற்றைச் செடி திருத்துகின்றது என்னும் பேருண்மை அன்று வெளிப்பட்டது. இவ்வளவு நன்மை கண்டறிந்த இப்போதகரின் வீட்டையும் நூல்களையும் சோதனைக் கருவிகளையும், அவருடைய சமயக் கருத்தையும் அரசியற் கருத்தையும் வெறுத்த கூட்டத்தார் 1791-இல் பர்மிங்காம் நகரில் அழித்தனர் என்பதும் நினைவில் வைத்தற்குரியது.

ஆயின் பிரீஸ்ட்லியின் சோதனையைப் பிறர் செய்தபொழுது ஒருகால் பலித்தது; ஒருகால் பலிக்கவில்லை. அவரே மீண்டும் செய்தபொழுதும் சிலகால் தவறிற்று. இதன் காரணத்தை 1779-இல் கண்டவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். அவ்வாண்டுக் கோடையில் அவர் 500-க்கு மேற்பட்ட சோதனைகள் செய்து, செடியின் பசிய பகுதிகளே காற்றைத் திருத்துவன என்றும், அவையும் ஞாயிற்றின் ஒளி படும்பொழுதே அது செய்வன என்றும், இருளிலோ செடிகளும் நம்மைப்போலக் காற்றைக் கெடுப்பன என்றும் நிறுவினார்.

இரவிற் புளியமரத்தடியிற் படுத்தல் ஆகாது என நம் நாட்டில் வழங்கும் கொள்கை பலரும் அறிந்ததே. மரம் இரவிற் கரியமிலவாயுவை வெளியிடும் என்பது உண்மையே. ஆயின் திறந்த வெளியில் அது காற்றோடு பரந்து கலந்துவிடுமாதலின், படுத்துறங்குவார்க்கு அதனால் தீங்கு நேராது. செடிகள் பகலிலும் இரவிலும் ஓயாது மூச்சுவிடுகின்றன. பகலில் ஒளிச்சேர்க்கை அதனினும் பன்மடங்கு மிகுதியாய் நிகழ்தலின் அம்மூச்சு நமக்குத் தோன்றுவதில்லை. இதுவே உண்மை.

ஜெனீவா நகரத்துப் போதகராகிய ஜீன் செனபியர், செடி திருத்துங்கால் கரியமிலவாயுவை உட்கொள்கின்றது என்பதை 1782-இல் காட்டினார். அந்நகரத்தவரே ஆகிய டி ஸொஸ்யூர் என்பார் 1804-இல் செடியின் எடையையும் வாயுவின் எடையையும் அளந்து, கரியமிலவாயுவோடு நீரும் செடியின் உடலாய் மாறுகின்றது என்று நிறுவினார். ஆகவே விறகின் கரிப்பொருள் காற்றிலிருந்து வந்தது. ஹைட்ரஜன் நீரிலிருந்து வந்தது. மண் ஈந்தது அச்சாம்பலளவே. சாம்பல் சிறிதேயாயினும் இழிவன்று. அதிலுள்ள உப்புக்களின்றிச் செடி வாழாது. எனினும் மரத்தின் உடல் பெரும்பாலும் காற்றும் நீருமே என்க.

நாமே காணத்தக்க சோதனை

இவற்றை நூலிற் படித்து ஒப்புக்கொள்ளுதலினும் கண்ணாற் காணுதல் நன்று. தொட்டிச் செடி ஒன்றை இரண்டு நாள் இருட்டறையில் வைத்து, அதன் இலையொன்றில் ஒரு பகுதியைக் கரிய தாளால் இருபுறமும் மூடி, பின்பு பகல் முழுதும் வெயிலில் வைக்க. மாலையில் அவ்விலையைப் பறித்து வெந்நீரில் இட்டெடுத்து, சோதனைச்சாலைச் சாராயத்தில் இட்டு, அச்சாராயக் கலத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடேற்றினால் பசுமை நீங்கி இலை வெளுக்கும். சாராயத்தை நெருப்பிற்கு நேரே காட்டுதல் ஆகாது. வெளுத்த இலையின்மேல் அயோடின் கரைசலைத் துளிக்க, வெயில் பட்ட இடம் கருநீலமாகும். தாள் மூடிய இடம் நிறம் மாறாது. கருநீலம் மாவுப்பொருள் உண்டென்பதற்கு அடையாளம். ஒளி புகாத இடத்தில் உணவு ஆகவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஒளி செய்யும் வேலை

இனி இலையினுள் நிகழ்வதைக் காண்பாம். இலையின் அடிப்புறத்தே மிகச் சிறிய வாய்கள் எண்ணிறந்தன உள. அவற்றின் வழியே காற்று உட்புகும். நீரோ வேரிலிருந்து நரம்புகளின் வழியே ஏறிவரும். உள்ளே ஒவ்வொரு நுண்ணறையிலும் பசுங்கணிகங்கள் என்னும் பசிய உருண்டைகள் பல மிதக்கும். அவற்றுள் மடிப்பு மடிப்பாய் அடுக்கிய மெல்லிய சவ்வுகளில் பச்சையம் பதிந்துள்ளது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு வீற்றிருக்கும். அது சிவப்பொளியையும் நீலவொளியையும் மிகுதியாய் விழுங்கும். பச்சொளியைக் குறைவாய் விழுங்கி எஞ்சியதைத் திருப்பிவிடும். ஆதலின் இலை நமக்குப் பச்சையாய்த் தோன்றுகின்றது. நாம் கண்டு மகிழும் பசுமை இலை வேண்டாவென விட்ட ஒளியேயாம்!

செடி வெளியிடும் பிராணவாயு எதிலிருந்து வருவது? கரியமிலவாயுவிலும் அஃது உண்டு, நீரிலும் உண்டு. கரியமிலவாயு பிளந்தே பிராணவாயு வருகின்றது என நெடுங்காலம் கருதினர். ராபர்ட் ஹில் என்னும் ஆங்கிலேய அறிஞர், பசுங்கணிகங்களை இலையினின்றும் பிரித்தெடுத்து, கரியமிலவாயு இல்லாமலே ஒளியில் அவை பிராணவாயுவை வெளியிடுமாறு 1937-இல் செய்து காட்டினார். 1941-இல் அமெரிக்காவில் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் காமனும் உடனுழைத்தாரும், இயல்பான பிராணவாயுவினும் எடை மிகுந்த அணுக்களையுடைய நீரைப் பாசிக்கு ஊட்டினர். வெளிவந்த பிராணவாயுவும் எடை மிகுந்ததாகவே இருந்தது. ஐயம் நீங்கிற்று: பிளக்கப்படுவது நீரே. நாம் இப்பொழுது உள்ளிழுத்த பிராணவாயு ஒருகாலத்து நீராயிருந்தது. ரூபன் இதற்குப்பின் நெடுங்காலம் வாழ்ந்திலர். 1943-இல், தமது 29-ஆம் வயதில், சோதனைச்சாலையில் நச்சுவாயுவினால் உயிர் நீத்தார்.

நீரைப் பிளத்தல் எளிய செயலன்று. நீரினும் நிலைபெற்ற பொருள்கள் உலகிற் சிலவே. இலையோ அதனைச் சூடின்றி, ஓசையின்றி, வெறும் வெயிலாற் பிளக்கின்றது. ஒளி பச்சையத்தின்மேல் விழுங்கால் நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் அதனை ஒன்றன்பின் ஒன்றாய்க் கைமாற்றி ஒரு மையத்திற்குச் சேர்க்கும். அங்கே ஓர் எலெக்ட்ரான் தன் இடம் விட்டு எழும். எழுந்த இடத்தை நிரப்ப நீரிலிருந்து ஓர் எலெக்ட்ரான் இழுக்கப்படும். இங்ஙனம் நான்கு முறை நிகழ, இரண்டு நீர் மூலக்கூறுகள் பிளந்து ஒரு பிராணவாயு மூலக்கூறு வெளிப்படும். இவ்வேலையைச் செய்வது நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சிய அணுவும் சேர்ந்த சிறு கூட்டமே. அதன் வடிவைத் தெளிவாக ஜப்பானிய அறிஞர் 2011-இலேதான் கண்டனர்.

எழுந்த எலெக்ட்ரான் சவ்வின் வழியே படிப்படியாய் இறங்கும். இறங்குங்கால் அது விடும் ஆற்றலால், ஹைட்ரஜனின் கருவாகிய புரோட்டான்கள் சவ்வின் உட்புறத்தே சேர்க்கப்படும். ஏரியில் நீரைத் தேக்குதல் போல்வது இது. தேங்கிய நீர் மதகின் வழியே பாயுங்கால் உருளையைச் சுழற்றுதல் போல, தேங்கிய புரோட்டான்கள் ஒரு நுண்ணிய துளையின் வழியே வெளிப்பாயுங்கால், ஆங்குள்ள பொறி உண்மையாகவே சுழன்று, ஏடிபி என்னும் ஆற்றற்பொருளை ஆக்கும். இதனை 1961-இல் பீட்டர் மிட்செல் கூறியபொழுது பலரும் நம்பவில்லை. 1966-இல் ஜாகெண்டார்ஃப் என்பார், பசுங்கணிகங்களின் உட்சவ்வுகளை இருளிலே வைத்து, முதலிற் புளிப்பும் பின்னர்க் காரமும் ஊட்டி, ஒளியே இன்றி ஏடிபி உண்டாவதைக் காட்டினார். தேக்கமே காரணம் என்பது அதனால் உறுதிப்பட்டது. 1978-இல் மிட்செலுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இறங்கிய எலெக்ட்ரானோ மற்றொரு மையத்தை அடைந்து, இரண்டாம் முறை ஒளியால் உயர்த்தப்பட்டு, ஹைட்ரஜனைச் சுமக்கும் பிறிதொரு பொருளிற் சேமிக்கப்படும்.

சர்க்கரை ஆமாறு

இதுவரை கூறியது முதற்பகுதி. இதிற் சர்க்கரை இன்னும் ஆகவில்லை. ஒளியின் ஆற்றல் ஏடிபியிலும் ஹைட்ரஜன் சுமக்கும் பொருளிலும் அடங்கி நிற்கின்றது. அவற்றைச் செலவிட்டுக் கரியமிலவாயுவைச் சர்க்கரையாக்குவது இரண்டாம் பகுதி. கதிர்வீசும் கரியணுவை 1940-இல் கண்டவரும் முற்கூறிய ரூபனும் காமனுமே. அக்கரியணுவைக் கருவியாகக் கொண்டு மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் என்போர் கலிபோர்னியாவில் இப்பகுதியை ஆராய்ந்தனர். கதிர்வீசும் கரியமிலவாயுவைப் பாசிக்குச் சில விநாடியே ஊட்டி, உடனே சுடு சாராயத்திற் கொட்டிக் கொன்று, எந்தப் பொருளில் அக்கரியணு முதலிற் புகுந்தது எனத் தேடினர். அது மூன்று கரியணுக்களையுடைய ஓர் அமிலமாய் இருந்தது. ஐந்து கரியணுக்களையுடைய ஒரு பொருளோடு கரியமிலவாயு ஒன்று கூடி, உடனே இரண்டாய்ப் பிளந்து, இரண்டு மும்மூன்றாகும். அவற்றுட் சில சர்க்கரையாகும். மற்றவை மீண்டும் ஐந்து கரியணுப் பொருளாகிச் சுழற்சியைத் தொடரும். ஆறு கரியணுக்களையுடைய ஒரு சர்க்கரை மூலக்கூறு ஆகுதற்கு 18 ஏடிபியும், ஹைட்ரஜன் சுமக்கும் பொருள் 12-உம் செலவாகும். 1961-இல் கால்வினுக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. தோளோடு தோள் நின்று உழைத்த பென்சனுக்கு அதிற் பங்கு கிட்டவில்லை.

நெல்லும் கரும்பும்

கரியமிலவாயுவைப் பற்றி இழுக்கும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். உலகின் எல்லா உணவும் ஏறக்குறைய இதன் கைவழியே வருவது. ஆயினும் இது மந்தமான வேலையாள். விநாடிக்குச் சில மூலக்கூறுகளையே கையாளும். அன்றியும், கரியமிலவாயு என்று மயங்கிப் பிராணவாயுவையும் பற்றிக்கொள்ளும். அப்பிழையைத் திருத்தச் செடி தான் சேர்த்த பொருளையே செலவிடுதல் வேண்டும். வெயில் மிகுந்தோறும் இப்பிழையும் மிகும். ஆகவே நம்முடையது போன்ற வெப்ப நாடுகளில் நெற்பயிர் தான் ஈட்டியதில் ஒரு பகுதியை இவ்வாறு இழக்கின்றது.

கரும்போ ஓர் உபாயம் கண்டுகொண்டுள்ளது. அது கரியமிலவாயுவை முதலில் வேறொரு நொதியாற் பற்றி, நான்கு கரியணுக்களையுடைய அமிலமாக்கி, இலையின் உள்ளறைகளுக்குக் கொண்டு சென்று, ஆங்கே ரூபிஸ்கோவைச் சுற்றிலும் கரியமிலவாயுவே நிறைந்திருக்கச் செய்கின்றது. மயங்குதற்கு இடமே இல்லை. ஹாட்சு, ஸ்லாக் என்னும் இருவர் 1966-இல் ஆஸ்திரேலியாவில் இவ்வழியை விளக்கினர். சோளமும் கம்பும் கேழ்வரகும் இவ்வுபாயம் உடையனவே. ஆதலின் அவை வெயிலையும் நீர்க்குறைவையும் நெல்லினும் நன்கு தாங்குகின்றன. அருகருகே நிற்கும் கரும்பு வயலும் நெல் வயலும் நம் கண்ணிற்கு ஒரே பசுமையாய்த் தோன்றினும், அவற்றின் உள்ளே நிகழும் தொழில் வேறு வேறு. நெல்லிற்கும் இவ்வுபாயத்தைக் கொடுத்தற்கு அறிஞர் முயன்று வருகின்றனர். அம்முயற்சி இன்னும் நிறைவுறவில்லை. நிறைவுறுமாயின் சோற்றை நம்பி வாழும் கோடிக்கணக்கான மக்கட்குப் பெருநன்மையாம்.

கடன்

வயலில் விழும் ஒளியில் உணவாய் நிற்பது பெரும்பாலும் நூற்றில் ஓரிரு பங்கே. அச்சிறு பங்கினாலேயே எறும்பு முதல் யானையீறாக எல்லா உயிரும் வாழ்கின்றன. இத்தொழிலில் ஏறக்குறையப் பாதியைச் செய்வன கடலில் மிதக்கும் கண்காணா நுண்செடிகள். ஆதியில் உலகத்துக் காற்றிற் பிராணவாயு இல்லை. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகட்கு முன் நீலப்பசும் நுண்ணுயிர்கள் வெளியிட்ட பிராணவாயுவே காற்றில் முதன்முதல் நிலைத்துச் சேரலாயிற்று.

நிலக்கரியும் பண்டைச் செடிகள் சேமித்த வெயிலே. கோடிக்கணக்கான ஆண்டுகளில் இலைகள் காற்றினின்றும் எடுத்து மண்ணுட் புதைத்த கரியை, நாம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அகழ்ந்து எரித்து மீண்டும் காற்றில் விடுகின்றோம். பொறிகள் பெருகுதற்கு முன் காற்றில் பத்துலட்சத்தில் 280 பங்காயிருந்த கரியமிலவாயு, இன்று 420-ஐக் கடந்துவிட்டது. அதனால் உலகம் வெம்மையுறுகின்றது. மந்தமான ரூபிஸ்கோவோ நம் விரைவிற்கு ஈடுகொடுக்க வல்லதன்று. மரம் நடுதல் நன்றே. ஆயின் எரிப்பதைக் குறைக்காது மரத்தை மட்டும் நட்டுக் கடன் தீர்த்தோம் என்று கருதுதல், வரவை எண்ணாது செலவு செய்வான் கணக்கையே ஒக்கும்.

இவ்வளவும் ஆராய்ந்தறிந்தபின் வியப்புக் குறையுமோ எனச் சிலர் ஐயுறுவர். எமக்குக் குறையவில்லை, பெருகியே உள்ளது. மனிதனைத் தோட்டத்திலே வைத்து, அதனைப் பண்படுத்திக் காக்கும் வேலையையே கடவுள் முதலில் அவனுக்கு ஒப்படைத்தார் என ஆதியாகமம் கூறுகின்றது. அத்தோட்டத்தின் இலையொன்று செய்வது என்ன என்பதை அறியாமல் அதனைக் காத்தல் யாங்ஙனம் கூடும்?

இனி அடுப்பின் முன் அமருங்கால் ஒன்று நினைவோம். விறகில் எரிந்து வெளிப்படும் வெளிச்சம், முன்னொரு நாள் ஓர் இலையின்மேல் விழுந்த வெயிலே. எஞ்சிய கைப்பிடிச் சாம்பலை மண் கொடுத்தது. மற்றவை யாவும் காற்றும் நீரும் ஒளியும் கொடுத்த கொடை. உணவிற்குமுன் நன்றி செலுத்தும் வழக்கம் நம்மிடம் உளது. அந்நன்றியைச் செலுத்துங்கால், அவ்வுணவை ஆக்கித் தந்த பசிய இலையையும் மறவாதிருப்போமாக.